ஊறப்போட்ட பந்து

என் அருமை ஆர்தர் அண்ணாவுக்கு,

நீங்கள் குடியிருந்த மாடி அறைக்கு நேர் கீழே, அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு நாற்பது வார்த்தை, அதில் பாதி நம் டீமில் கோல் காத்த கோலி ரஷீத் விளையாட்டுக்குச் சொல்லிக்கொடுத்த கெட்ட வார்த்தை. இருந்தும் தமிழில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இது அச்சாகப் போகிறதாம். உங்களுக்குக் குருபூஜை எடுக்கிறார்கள், அண்ணா. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். "சாமிக்குக் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி இருந்தவங்க நீங்க, நாலு வார்த்தை எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்டு வந்தார்கள்.

குருபூஜை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் எழுதுவதைப் படித்துவிட்டு அவர்கள் அச்சடிப்பார்களா, கிழித்துப் போடுவார்களா, தெரியாது. கிழித்தால் ரஷீத் தன் சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் திருவண்ணாமலை ஒரு மாவட்டத்துக்கே தலைநகர் ஆகிவிட்டது. இனிமேல் எதற்கெடுத்தாலும் வேலூருக்கு ஓட வேண்டாமாம், வேங்கிக்கால் பக்கம் பெரிய ஆபீசெல்லாம் வரும் என்கிறார்கள். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தியாகிவிட்டார்கள், வாடகையும் ஜாஸ்தி. என் மகளைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருக்கிறேன், மருமகன் மல்லாட்டை, வேர்க்கடலைதான், பயிர் வைக்கிறார். வீட்டுக்கு எதிரே நீங்கள் பயிற்சி கொடுத்த காலி மனையில் லாட்ஜ் எழும்பிவிட்டது. உங்கள் அறையை மட்டும் நான் யாருக்கும் விடவில்லை.

மலரில் மற்றவர்கள் நீங்கள் ஞானத்தைத் தேடி இந்த மலையடிக்கு வந்தீர்கள் என்று எழுதுவார்கள். நீங்கள் முட்டி வலிக்காக வந்தீர்கள். கல்கத்தாவில் உங்களோடு இருந்த ஒருவர், அந்த ஊரில் காற்று உலர்ந்திருக்கும், முட்டிக்கு நல்லது என்று சொல்லி ரயிலேற்றி விட்டார். ஆசிரமத்துப் பக்கம் இடம் கிடைக்காமல் என் வீட்டு வாசலில் ஒரு பெட்டியோடும் ஒரு தோல் பந்தோடும் நின்றீர்கள். சாமி கும்பிடுவீர்களா என்று என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டதற்கு, சண்டே மட்டும், அதுவும் மழை இல்லையென்றால், என்றீர்கள். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது.

நீங்கள் யார் என்று நான் எழுதிவிடுகிறேன், யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும். இங்கிலாந்தில் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்து ஊர். அப்பா சுரங்கத்துக்குள்ளே இறங்குகிறவர். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலைக்குப் போனீர்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் சுரங்கத்து டீமில் ஆடினீர்கள். அதைப் பார்த்த யாரோ வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேச, இரண்டாவது டிவிஷன் கிளப் ஒன்றில் கையெழுத்துப் போட்டீர்கள். உடனே உலகச் சண்டை மூண்டது. பட்டாளத்தில் மற்றவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தே சண்டைக்காலம் முழுக்கக் கழிந்தது. திரும்பி வந்தபோது விளையாட்டுக்காரனின் வயதில் பாதி போயிருந்தது.

மீதிப் பாதியைச் சென்டர் ஹாஃபாக நின்று கழித்தீர்கள். தற்காப்புக்கு நடுவே நின்று, எதிராளி உயர அடிக்கிற பந்தையெல்லாம் நெற்றியால் மோதித் திருப்பி அனுப்புவதுதான் அந்த இடத்து வேலை என்று எனக்கு விளக்கினீர்கள். மொத்த வாழ்க்கையில் மூன்று கோல், அதில் ஒன்று உங்கள் சொந்தக் கோலுக்குள்ளேயே போட்டது. அதைச் சொல்லும்போதுதான் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் சீசன் முடிந்ததும் கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வருமாம், அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறோம் அல்லது இல்லை என்று. ஒரு வருஷம் இல்லை என்று வந்தது. அன்றைக்கு வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததாகவும், அடித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனதாகவும் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு சின்னக் கிளப் ஒன்றில், அடிபட்டு விழுகிறவர்களைத் துடைத்துவிட வாளியும் ஸ்பாஞ்சும் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. கோச் ஆவதற்குப் பரீட்சை எழுதினீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் சில வருஷம், பிறகு கல்கத்தா. கல்கத்தாவில் ஒரே சீசன்தான். பரம எதிரி டீமிடம் தோற்றதும் ஜனங்கள் செருப்போடு தங்கியிருந்த இடம் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தார்கள். அந்த வருஷமே ஊரில் உங்கள் மனைவியும் போய்ச் சேர்ந்தார், உங்களால் போய் முகம் பார்க்க முடியவில்லை. உங்கள் மகள் மேரி மட்டும் மாசம் ஒரு கடிதம் போடுவாள்.

ஒரே ஒரு முறை, பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னீர்கள். மழைக்காலத்தில் ஆட்டம் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க, திரையை இழுத்துவிட்டு இருட்டில் படுத்திருப்பீர்களாம். மனைவி நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருப்பாராம். "எல்லாருக்கும் அப்படித்தான், யூனா" என்றீர்கள். உண்ணாமலை என்று என் பெயரைச் சொல்ல வராமல் கடைசிவரைக்கும் யூனா என்றுதான் கூப்பிட்டீர்கள். நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கோதண்டத்தைப் பற்றியும் எழுத வேண்டும். பெயரைச் சொல்லியே எழுதுகிறேன், திட்டுவதற்கு மாமியார் இல்லை. பகலில் லேத் பட்டறையில் டர்னர், காலையிலும் சாயங்காலமும் எதிர் மனையில் பந்து. ரஷீத், அவர், இன்னும் பட்டறை ஆட்கள், நெசவுக்காரர்கள் என்று ஒரு டீம். நீங்கள் இரண்டு நாள் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தீர்கள். மூன்றாம் நாள் இறங்கிப் போய்ப் பந்தைப் பிடுங்கிக்கொண்டீர்கள். கோதண்டம் வீட்டுக்குள் வந்து குதித்தார். "அந்தத் தொரை எங்களப் பாத்து தலையே இல்லன்றான்டி! காலு மட்டும் இருக்குதாம், கோழி மாதிரி!" ஒரு வாரத்தில் உங்கள் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி சுற்றினார். டீம் முழுக்க அப்படித்தான் ஆயிற்று.

இப்போது அந்தப் பந்து விஷயத்துக்கு வருகிறேன். வேறு யாரும் இதை எழுத மாட்டார்கள், ஏனென்றால் அதைச் செய்த கை என் கை.

நம் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி வெயில். ஆனால் ஜில்லா போட்டியின் கடைசி ஆட்டங்கள் ஐப்பசி கார்த்திகை மழையில்தான் வரும். தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், ஆடுகிறவர்கள் தலையை விலக்கிக்கொள்வார்கள். அங்கேதான் ஜெயிக்கலாம் என்று கண்டுபிடித்தீர்கள். "நம்ம ஆள் வருஷம் பூரா மழைல ஆடணும்" என்றீர்கள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் நான் பந்தைத் தொட்டித் தண்ணீரில் போடுவேன். அது மிதக்கும் என்பதால் மேலே பலகையைப் போட்டு, பலகை மேல் அம்மிக் குழவியை வைத்து அமுக்குவேன். அடுத்த பாத்திரத்தில் உளுந்து ஊறும். விடிந்ததும் இரண்டையும் எடுப்பேன். பந்தைக் கையில் வாங்கினால் மணிக்கட்டு கீழே இறங்கும்.

ஆளுக்கு நாற்பது தரம் நெற்றியால் மோத வேண்டும். கோதண்டத்துக்கு மட்டும் அறுபது, உங்கள் இடத்தில் ஆடுகிறவர் அல்லவா? நீங்கள் ஒவ்வொருவர் நெற்றியிலும் இரண்டு விரலை வைத்து, "நெத்தி! உச்சி நோ, நெத்தி!" என்று இடத்தைக் காட்டுவீர்கள். அடுப்படியில் எனக்கு டொம் டொம் என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அறுபதாவதற்குள் சட்னி அரைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு. எட்டு வருஷம், அண்ணா.

வேலூரில் அந்த இறுதி ஆட்டத்துக்கு நானும் புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கொட்டுகிற மழை. எதிர் டீமில் நல்ல உயரமான ஆட்கள், பந்து மேலே வந்தால் கழுத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். கார்னரிலிருந்து வந்த பந்துக்கு என் வீட்டுக்காரர் எழும்பினார் பாருங்கள், நான் குடையைத் தூக்கி எறிந்துவிட்டேன். அந்த ஒரே கோலில் ஜெயித்தோம். நீங்கள் சேற்றில் ஓடி வந்து அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தீர்கள். எனக்கு அவ்வளவு பெருமை. திரும்பி வரும்போது போளூர் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தி அவர் இரண்டு முறை வாந்தி எடுத்தார். வேலூரில் தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

உங்களுக்கு எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு காலை மாடியிலிருந்து இறங்கி வந்து, மாடிப்படி எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். பிறகு பயிற்சியில் முடித்த பாடத்தையே மறுபடியும் ஆரம்பித்தீர்கள், பையன்கள் தங்களுக்குள் கண்ணடித்துக்கொண்டார்கள். ரஷீத்தை ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அப்புறம் அந்த நாற்பது தமிழ் வார்த்தையும் ஒவ்வொன்றாகப் போயிற்று. தாடி வளர்ந்தது. ரோட்டோரப் பாறையில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தீர்கள்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். இது திருவண்ணாமலை. இங்கே பேச்சை நிறுத்தியவனுக்கு மரியாதை கூடும். யாரோ ஒருவர் உங்கள் முன்னால் வாழைப்பழம் வைத்தார். மறுநாள் ஊதுவத்தி வந்தது. போளூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு குமாஸ்தா குனிந்து கும்பிட்டபோது, நீங்கள் பழக்க தோஷத்தில் அவர் நெற்றியில் இரண்டு விரலை வைத்து "நெத்தி" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் உங்களை விட்டுப் போகவில்லை. உடம்பெல்லாம் கரன்ட் பாய்ந்த மாதிரி இருந்தது என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை வாசலில் வரிசை நின்றது. பந்து சாமியார் தீட்சை கொடுக்கிறார் என்றார்கள்.

எனக்குத் தெரிய வேண்டாமா? அந்த இரண்டு விரல் எதற்கு என்று ஊரிலேயே எனக்குத்தானே நன்றாகத் தெரியும்? ஆனால் பத்துப் பேர் ஒன்றைச் சொன்னால் பதினோராவது ஆள் நான்தான். என் மகளைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் உங்களிடம் நிறுத்தினேன். பாஸாகிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் வீட்டு மாடியில் ஒரு மகான் இருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

ரஷீத் ஒருவர்தான் சொன்னார். ஒரு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது நீங்க நெனைக்கறது இல்ல. எங்க பெரியத்தா, பெரியப்பாதான், அவருக்கு இப்படித்தான் ஆச்சு, கடைசில அவர் பேரே அவருக்குத் தெரியல. கோச்சுக்கு ஒடம்பு சரியில்லீங்க. வேலூர் இட்டுனு போயிடலாம்."

"ஊரே கும்பிடுது, நீ நோவுன்ற. உனக்கு இதெல்லாம் என்ன புரியும் ரஷீத்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். "உனக்கு" என்று நான் எதை நினைத்துச் சொன்னேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷம் என் கையால் சாப்பிட்டவர். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என் வீட்டுப் படியேறவில்லை.

இனி அந்த நாள். நீங்கள் போனதைப் பற்றி மலரில் "வலம் வந்தபடியே மலையோடு கலந்தார்" என்று போடப்போகிறார்கள், எனக்குக் காட்டினார்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அக்னி நட்சத்திரம். காலை ஏழு மணிக்கு நீங்கள் கயிறு கட்டாத பூட்சோடு வாசலைத் தாண்டி நடந்தீர்கள். "அண்ணா, காபி ஆறிடும்" என்றேன். திரும்பவில்லை. பதினோரு மணி வாக்கில் மறுபடியும் அதே திசையில் போனீர்கள். மலையை ஒரு சுற்றுச் சுற்றி, பதினாலு கிலோமீட்டர், வந்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு சுலோச்சனா ரோட்டுக்கே வந்துவிட்டாள். "பாத்தியாடி, நிக்காம சுத்தறார். எதோ வேண்டுதல் போல." நானும் கும்பிட்டேன். யாருக்கு என்ன வேண்டுதல் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மணிக்கு மூன்றாவது முறை. காலில் பூட்ஸ் இல்லை. தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. என் வீட்டு வாசலுக்கு நேரே நின்றீர்கள். தெரியாத தெருவில் வீட்டு நம்பர் தேடுகிறவர் பார்ப்பதுபோலக் கதவைப் பார்த்தீர்கள், மாடியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். நான் கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டேன். சாமி என் வாசலில் நின்றுவிட்டதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணைத் திறந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

நீங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தீர்கள், அண்ணா. அவ்வளவுதான். நேர் ரோடாக இருந்தால் எங்காவது போய் முட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள், யாராவது என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். இது மலையைச் சுற்றுகிற ரோடு. அதில் எவ்வளவு நடந்தாலும் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். வழியெல்லாம் கும்பிட்டு ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை, விரதம் கெட்டுவிடுமாம். அடி அண்ணாமலை தாண்டி விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்கு முன்னால் மாலை போட்டார்கள்.

மேரிக்குத் தந்தி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாமியார்களை உட்காரவைத்துத்தான் புதைக்க வேண்டும் என்றார்கள். உங்கள் இடது முட்டி உயிரோடிருந்தபோது ஒரு நாளும் முழுசாக மடங்கியதில்லை. நான்கு பேர் சேர்ந்து மடக்கினார்கள். ரஷீத் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அந்தச் சத்தம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தனையையும் நான் நாலு வருஷம் மனதுக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். இந்த வருஷம் போகிக்குப் பரணைச் சுத்தம் பண்ணும்போது, கோதண்டத்தின் டிரங்குப் பெட்டியில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் மேரியின் கடிதம் கிடைத்தது. நீங்கள் போன சில மாதத்தில் வந்தது. பிரித்து, புரிந்த மட்டும் படித்துவிட்டு அவர் ஒளித்து வைத்திருக்கிறார். என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷுக்குப் பாதிதான் பிடிபட்டது. எந்த முகத்தோடு போவது என்று இரண்டு நாள் தவித்துவிட்டு, ரஷீத்தின் கடைக்குத்தான் போனேன். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பழையது எதையும் பேசவில்லை.

அவர் படித்துச் சொன்னது இதுதான். உங்கள் பழைய டீமில் உங்களோடு தற்காப்பில் நின்ற ஒருவரும், முன்னால் ஆடிய ஒருவரும் இப்போது பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருக்கிறார்கள். டாக்டர்கள் வயதுக் கோளாறு என்கிறார்கள். மேரியின் அம்மா மட்டும் சாகும்வரைக்கும், உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தலைவலிக்கு அந்தப் பந்துதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எது உண்மை என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்பாவிடம் கற்றுக்கொண்டவர்களுக்குத் தலைவலி வந்தால் அலட்சியமாக விடாதீர்கள் என்று முடித்திருந்தாள்.

ரஷீத் கடிதத்தை மடித்தார். "நான் கோலிங்க்கா. கையால புடிச்சே பொழப்ப ஓட்டிட்டேன். கோதண்டம் பூரா தலையிலதான வாங்கினான்" என்றார்.

வீட்டுக்கு வந்து, கடிதத்தை ஏன் ஒளித்தீர்கள் என்று கோதண்டத்தைக் கேட்டேன். "எந்த லெட்டரு?" என்றார். கையில் கொடுத்தேன். முதல் தடவை பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நடித்திருந்தால் நன்றாக இருக்கும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

பட்டறை முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். ஒரே ஷாஃப்டை மூன்று தரம் தப்பு அளவில் கடைந்திருக்கிறார். போன மாசம், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கை முறுக்கிய சாவியை அதிலேயே மாட்டி விட்டுவிட்டு மெஷினை ஓட்டிவிட்டார், அது பறந்து போய்ச் சுவரில் அடித்திருக்கிறது. நாற்பத்து நாலு வயது. இருபத்தைந்து வருஷம் லேத்தில் நின்ற கை. நடுப்பகலில் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கொள்கிறார். கேட்டால், வெளிச்சம் குத்துகிறது என்கிறார்.

உங்களை ஒன்று கேட்கட்டுமா, அண்ணா? அந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருந்தபோதுதானே பந்தை ஊறப்போடச் சொன்னீர்கள்? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் ஏன் திரும்பிக்கொண்டீர்கள்? உங்கள் மனைவி சொன்னதை நீங்கள் நம்பவே இல்லையா, அல்லது ஜெயிக்கிற ஆசையில் தள்ளிவைத்தீர்களா? உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கோபப்படும்போதே நீங்கள் சேற்றில் ஓடி வந்ததும் கண்ணில் நிற்கிறது, என்ன செய்ய? நீங்கள் கற்றுக்கொண்ட ஒரே வித்தையை எங்களுக்கு ஒளிக்காமல் கொடுத்தீர்கள். நானும் தினமும் பலகை போட்டுக் குழவியைத் தூக்கி வைத்தேன்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சுலோச்சனாவும் பக்கத்தில் இருந்தாள். கோதண்டம் வந்து என் எதிரில் நின்று, ரொம்பப் பணிவாக, "கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?" என்றார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னை அவர் ஒரு நாளும் "ங்க" போட்டுப் பேசியதில்லை. வீடு தெரியாத ஊரில் யாரோ ஒரு அம்மாவிடம் கேட்கிற குரல் அது. நான் எழுந்து தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்டி, கொழம்பு ஆச்சா?" என்று பழைய மாதிரிக் கத்தினார். எனக்கு அழுகையும் வந்தது, உயிரும் வந்தது.

சுலோச்சனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பொண்டாட்டியையே அம்பாளா பாக்கறாருடி! குரு எறங்கிட்டாரு அவர் மேல!"

"எழுந்து வெளிய போடி" என்றேன். இருபது வருஷப் பழக்கம். கீரைக் கட்டோடு போனாள்.

அவள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலமே குருபூஜைக்காரர்கள் வந்துவிட்டார்கள். பூஜை அன்றைக்கு உங்கள் படத்துக்குப் பக்கத்தில், முதல் சீடர் என்று கோதண்டத்தை உட்காரவைக்கப் போகிறார்களாம். வருகிறவர்கள் நெற்றியில் அவர் இரண்டு விரலை வைத்தால் போதுமாம். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் எழுந்து, அவர்களில் ஒருவர் நெற்றியில் விரலை வைத்து "நெத்தி" என்றார். உங்கள் உச்சரிப்பு அப்படியே. அந்த ஆள் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டார்.

அவர்களிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், எல்லாரும் படிக்கட்டும். என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. எங்கள் கோச்சுக்கும் உடம்புதான் சரியில்லாமல் போயிற்று, நாங்கள் அவரைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு பெரியவர், "அப்படியெல்லாம் சொல்லாதம்மா, பாவம்" என்றார். "பாவந்தாங்க. எனக்குத் தெரியும்" என்றேன். பழத்தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். தெருவில் இரண்டு பேர் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ரஷீத் கடையை அடைத்துவிட்டுக் கூட வருகிறார். மேரியின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. இதற்கு மருந்து இல்லையம்மா என்று சொல்லிவிட்டால்? டீமில் மற்றவர்கள் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில், ஆடியவரின் மனைவி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்களுக்கு ஒரு சத்தியம் பண்ணுகிறேன், அண்ணா. உங்களுக்குச் செய்யாததை அவருக்குச் செய்வேன். அவரை யாரும் கும்பிட விடமாட்டேன். அவர் சொந்த வீட்டுக்கு வழி கேட்டால் சொல்வேன், கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று அவர் கேட்கும் நாள் வந்தால், அழ மாட்டேன், கோபப்பட மாட்டேன். பெயரைச் சொல்வேன். மறுபடியும் கேட்டால் மறுபடியும் சொல்வேன்.

உங்கள் பெயரையும் யாராவது ஒருவர் தினமும் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
யூனா
(நீங்கள் கடைசிவரை சரியாகச் சொல்லாத உண்ணாமலை)